பிரெடிகேட் லாஜிக் நிரூபணமா? கைகொடுக்கும் 22 குறிப்புகள்

பொறியியல் கல்லூரியில் தனிநிலைக் கணிதம் எடுத்தவர்கள், தத்துவம் படிப்பவர்கள், இலங்கையில் க.பொ.த. உயர்தரத்துக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் படிக்கும் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் திணறல் வருகிறது. விதிகள் மனப்பாடம். ஆசிரியர் பலகையில் போட்ட கணக்கும் புரிகிறது. தேர்வில் புதிய கணக்கு வந்தால் மட்டும் முதல் வரிக்குப் பிறகு பேனா நகர்வதில்லை. எந்த விதியை எப்போது எடுப்பது என்று தனியாகச் சொல்லித் தரப்படுவதில்லை என்பதே காரணம்.

அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஜெர்மன் கணித அறிஞர் கெர்ஹார்ட் கென்ட்சன் 1934-35இல் இயல்பு உய்த்தறிதல் முறையை வெளியிட்டபோது, ஒவ்வொரு குறிக்கும் அதை நுழைக்கும் விதி, நீக்கும் விதி என்று இணையாக வைத்தார். நிரூபணத்தைத் தேடும் வழி அந்த அமைப்பிலேயே இருக்கிறது. இலக்கைப் பார்த்து நுழைத்தல் விதியை எடுங்கள். தரவைப் பார்த்து நீக்கல் விதியை எடுங்கள். புதுப்பெயர் வேண்டும் விதிகளை முதலில் முடியுங்கள். கீழே உள்ள குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த மூன்றின் விரிவுதான். வெட்டி எடுத்துப் படிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.

குறியீடுகள்: ¬ அல்ல, ∧ மற்றும், ∨ அல்லது, → எனில், ∀ அனைத்தும், ∃ உண்டு, ⊥ முரண்பாடு. ய, ர என்பவை மாறிகள். ந, வ என்பவை பெயர்கள். ப(ய), ம(ய) என்பவற்றில் ப, ம போன்றவை பயனிலைகள். அ, ஆ என்பவை எந்தக் கூற்றாகவும் இருக்கலாம்.

தொடங்கும் முன்

1. வாக்கியமாகக் கொடுத்த கணக்கென்றால் குறியீட்டுக்கு மாற்றுவதில் அவசரம் வேண்டாம். "எல்லாப் பாம்புகளும் முதுகெலும்புள்ளவை" என்பது ∀ய (ப(ய) → ம(ய)). "கடலில் வாழும் பாம்பு உண்டு" என்பது ∃ய (க(ய) ∧ ப(ய)). பொதுவாக ∀ உள்ளே → வரும், ∃ உள்ளே ∧ வரும். இரண்டாவதை ∃ய (க(ய) → ப(ய)) என்று எழுதிவிட்டால், கடலில் வாழாத ஒரு பூனை இருந்தாலே அந்தக் கூற்று மெய்யாகிவிடும். பாம்புக்கு அங்கே வேலையே இல்லை.

2. "எல்லாரும் தேறவில்லை" போன்ற வாக்கியம் வந்தால் நின்று யோசியுங்கள். சிலர் தேறவில்லை என்று பொருள் கொண்டால் ¬∀ய த(ய). ஒருவர்கூடத் தேறவில்லை என்று கொண்டால் ∀ய ¬த(ய). கணக்கின் மற்ற வரிகளைப் பார்த்து எது பொருந்துகிறதோ அதை எழுதுங்கள். ¬ குறி ∀க்கு முன்னா பின்னா என்பதில் கணக்கே மாறிவிடும்.

3. பள்ளியில் வடிவியல் தேற்றத்துக்குத் "தரவு", "நிரூபிக்க வேண்டியது" என்று பிரித்து எழுதினோம் அல்லவா? அதே பழக்கம் இங்கேயும் வேண்டும். தரவுகளைத் தாளின் உச்சியில் எழுதுங்கள். இலக்கைத் தாளின் அடியில் எழுதுங்கள். நடுவில் தாராளமாக இடம் விடுங்கள். நிரூபணம் மேலிருந்தும் வளரும், கீழிருந்தும் வளரும். இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும்.

4. கணக்கு "நிரூபி அல்லது மறு" என்று கேட்டால், முதலில் சில நிமிடம் எதிர் எடுத்துக்காட்டு தேடுங்கள். இரண்டே பொருள்கள் உள்ள ஒரு சிறிய உலகத்தை எடுத்துக்கொண்டு, தரவு மெய்யாகவும் இலக்கு பொய்யாகவும் அமைகிறதா என்று பாருங்கள். ப(ய) போல ஒரே மாறியை ஏற்கும் ஓரிடப் பயனிலைகள் மட்டுமே உள்ள கணக்குக்கு எல்லை உண்டு. இரண்டு பயனிலைகள் என்றால் 4 பொருள்களுக்கு மேல் தேட வேண்டாம். மூன்று என்றால் 8. உ(ர, ய) போல இரண்டு மாறிகளை ஏற்கும் உறவுகள் நுழைந்துவிட்டால் அப்படி ஓர் எல்லை கிடையாது. பிரெடிகேட் லாஜிக் எனப்படும் பயனிலைத் தருக்கம் முழுமைக்கும் ஆம், இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் இயந்திர வழி எதுவும் இல்லை என்று அலான்சோ சர்ச்சும் ஆலன் டூரிங்கும் 1936இல் காட்டிவிட்டார்கள். மெய்அட்டவணை போட்டு முடிக்கும் வசதி இங்கே இல்லாததால்தான் உத்தி இவ்வளவு முக்கியமாகிறது.

இலக்கைப் பார்க்கும் விதம்

5. இலக்கின் முதன்மைக் குறியை வட்டமிடுங்கள். ∀ய (ப(ய) → ம(ய)) என்பதில் முதன்மைக் குறி ∀. ∀ய ப(ய) → ∃ய ம(ய) என்பதில் முதன்மைக் குறி →. அடைப்புக்குறியைக் கவனிக்காமல் முதலில் கண்ணில் படும் குறியைப் பிடித்துக்கொண்டால் முதல் அடியே தவறிவிடும். கீழிருந்து எழுதும் ஒவ்வொரு புது இலக்குக்கும் இதே வட்டம் போடுங்கள்.

6. வட்டம் போட்ட குறி எதுவோ அதற்கான வேலை இது:
இலக்கு அ → ஆ என்றால், பெட்டி (அந்த எடுகோளை நம்பி நிற்கும் வரிகளின் பகுதி) திறந்து அ-வை எடுகோளாக எழுதுங்கள். ஆ புது இலக்கு.
இலக்கு அ ∧ ஆ என்றால், இரண்டு தனி இலக்குகள்.
இலக்கு ¬அ என்றால், அ-வை எடுகோளாக எழுதி ⊥ தேடுங்கள்.
இலக்கு ∀ய ப(ய) என்றால், தாளில் எங்கும் இல்லாத பெயர் ஒன்றை எடுங்கள். ப(ந) புது இலக்கு.
இந்த நான்கையும் தயங்காமல் செய்யலாம். இவற்றால் வழி அடைபடாது.

7. இலக்கு ∨ அல்லது ∃ என்றால் கையை அடக்குங்கள். எந்தப் பக்கம் மெய், எந்தப் பொருள் சான்று என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டிய இலக்குகள் இவை. அவசரமாகத் தேர்ந்தால் மாட்டிக்கொள்வோம். தரவு ∃ய (ப(ய) ∨ ம(ய)), இலக்கு ∃ய ப(ய) ∨ ∃ய ம(ய) என்று வைத்துக்கொள்ளுங்கள். "இடப்பக்கத்தை நிரூபிக்கிறேன்" என்று இறங்கினால் முடியவே முடியாது. முதலில் தரவைத் திறங்கள்: ப(ந) ∨ ம(ந). இரண்டு பிரிவாகப் பிரியுங்கள். ப(ந) பிரிவில் இடப்பக்கம் கிடைக்கும், ம(ந) பிரிவில் வலப்பக்கம் கிடைக்கும். இரண்டு பிரிவிலும் முழு இலக்கு வந்து சேர்ந்துவிடும். ஆக, ∨ நுழைத்தலும் ∃ நுழைத்தலும் பெரும்பாலும் பெட்டியின் கடைசி வரிக்கு உரியவை.

பெயர் வைக்கும் ஒழுங்கு

8. எல்லாக் குறிப்பிலும் இதுதான் தலையாயது: புதுப்பெயர் கேட்கும் விதிகள் முதலில், எந்தப் பெயரையும் ஏற்கும் விதிகள் பிறகு. ∃ நீக்கலும் ∀ நுழைத்தலும் புதுப்பெயர் கேட்கும். ∀ நீக்கல் எந்தப் பெயரையும் ஏற்கும். பொறியியல் புத்தகங்களில் இவற்றை முறையே இ.எஸ்., யு.ஜி., யு.எஸ். என்று சுருக்கி எழுதுவார்கள். அந்தக் கணக்கில் "யு.எஸ்.ஸுக்கு முன்னால் இ.எஸ்." என்று நினைவில் வைத்தாலே பாதிக் கணக்கு முடிந்தது. காரணம் எளிது. ∀ தரவை முதலிலேயே ந என்ற பெயருக்குப் பயன்படுத்திவிட்டால் ந பழைய பெயர் ஆகிவிடும். பிறகு ∃ தரவுக்கு வ என்று வேறு பெயர் வைத்தே ஆக வேண்டும். ந பற்றிய வரியும் வ பற்றிய வரியும் ஒன்றோடொன்று சேராது.

9. பாம்புக் கணக்கில் அந்த ஒழுங்கை வரிவரியாகப் பாருங்கள். இலக்கு: கடலில் வாழும் முதுகெலும்புள்ளது உண்டு.
வரி 1: ∀ய (ப(ய) → ம(ய)) — தரவு
வரி 2: ∃ய (க(ய) ∧ ப(ய)) — தரவு
வரி 3: க(ந) ∧ ப(ந) — எடுகோள், ந புதுப்பெயர், பெட்டி திறக்கிறது
வரி 4: ப(ந) — 3, ∧ நீக்கல்
வரி 5: ப(ந) → ம(ந) — 1, ∀ நீக்கல்
வரி 6: ம(ந) — 4, 5, → நீக்கல்
வரி 7: க(ந) — 3, ∧ நீக்கல்
வரி 8: க(ந) ∧ ம(ந) — 7, 6, ∧ நுழைத்தல்
வரி 9: ∃ய (க(ய) ∧ ம(ய)) — 8, ∃ நுழைத்தல், பெட்டி மூடுகிறது
வரி 10: ∃ய (க(ய) ∧ ம(ய)) — 2, 3-9, ∃ நீக்கல்
வரி 9உம் 10உம் ஒன்றுபோல் இருப்பதைப் பார்த்து ஒன்றை விட்டுவிடாதீர்கள். வரி 9 பெட்டிக்குள் உள்ளது. ந பற்றிய எடுகோளை நம்பி நிற்கிறது. வரி 10 வெளியே உள்ளது. தரவுகளை மட்டும் நம்பி நிற்கிறது.

10. இரண்டு ∃ தரவுகள் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு பெயர். "கறுப்புப் பூனை உண்டு", "வெள்ளைப் பூனை உண்டு" என்ற இரண்டையும் ந என்றே எடுத்தால் கறுப்பும் வெள்ளையுமான பூனை ஒன்றை நிரூபித்துவிடுவீர்கள். மூடும் வரியில் அந்தப் பெட்டிக்கென்று வைத்த பெயர் மிஞ்சியிருக்கவும் கூடாது.

11. ∀ நுழைக்கும்போது, பொதுமைப்படுத்தும் பெயர் இன்னும் மூடாத எடுகோள் எதிலும் இருக்கக் கூடாது. இந்தத் தடை எதைக் காப்பாற்றுகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. உ(ர, ய) என்பது "ர, ய-ஐ விடப் பெரிய எண்" என்று வையுங்கள். தரவு ∀ய ∃ர உ(ர, ய): எந்த எண்ணை எடுத்தாலும் அதைவிடப் பெரிய எண் உண்டு. இது மெய். இலக்கு ∃ர ∀ய உ(ர, ய): எல்லா எண்களையும் விடப் பெரிய எண் உண்டு. இது பொய். ஆனாலும் முயன்று பார்ப்போம். தரவிலிருந்து ∃ர உ(ர, ந). பெட்டி திறந்து உ(வ, ந). இனி ந-வைப் பொதுமைப்படுத்தி ∀ய உ(வ, ய) என்று எழுதக் கை நீளும். அங்கேதான் தடை நிற்கிறது, ஏனென்றால் உ(வ, ந) இன்னும் மூடாத எடுகோள். அதில் ந இருக்கிறது. பெட்டியை முதலில் மூடலாமா என்றால் வ மிஞ்சுகிறது. இரண்டு வழியும் அடைபடுகின்றன, அப்படித்தான் அடைபட வேண்டும். வ என்ற எண் ந-வைப் பொறுத்துக் கிடைத்த எண்.

12. இதையே திருப்பிப் போட்டால் சரியாக வரும். தரவு ∃ர ∀ய உ(ர, ய), இலக்கு ∀ய ∃ர உ(ர, ய). இலக்குக்கு ந, தரவுக்கு வ என்று இரண்டு புதுப்பெயர்களை எடுத்த பிறகு ∀ நீக்கலில் ந-வைப் போட்டால் ஐந்தாறு வரியில் முடிந்துவிடும். இன்றே போட்டுப் பாருங்கள்.

13. ∀ தரவில் எந்தப் பெயரைப் போடுவது என்று குழம்பினால், தாளில் ஏற்கெனவே உள்ள பெயர்களை ஓரத்தில் பட்டியலிடுங்கள். அவற்றில் எதைப் போட்டால் இலக்கின் வடிவமோ, வேறொரு வரியோடு பொருந்தும் வரியோ கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். ஒரே ∀ தரவை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஒருமுறை எடுத்ததும் அது தீர்ந்துபோவதில்லை.

14. வேறு வேறு மாறிகளுக்கு ஒரே பெயரைப் போடலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. தரவு ஒன்று: முதலாமவர் இரண்டாமவரை விட உயரம், இரண்டாமவர் மூன்றாமவரை விட உயரம் எனில் முதலாமவர் மூன்றாமவரை விட உயரம். தரவு இரண்டு: யாரும் தன்னைவிடத் தானே உயரம் அல்ல. இலக்கு: ஒருவர் இன்னொருவரை விட உயரம் எனில், அந்த இன்னொருவர் இவரைவிட உயரம் அல்ல. முதல் தரவில் ந, வ, மறுபடி ந என்று போட்டால் "ந, ந-வை விட உயரம்" என்று வரும். இரண்டாம் தரவோடு மோதி ⊥ கிடைத்துவிடும்.

15. தாளில் பெயரே இல்லை, ∃ தரவும் இல்லை என்றால் ஏதாவது ஒரு பெயரைத் துணிந்து போடுங்கள். வழக்கமான பயனிலைத் தருக்கத்தில் உலகம் வெறுமையாக இருக்காது, குறைந்தது ஒரு பொருளாவது உண்டு. அதனால்தான் ∀ய ப(ய) என்பதிலிருந்து ∃ய ப(ய) கிடைக்கிறது.

தரவைப் பயன்படுத்தும் விதம்

16. அ ∨ ஆ என்ற தரவு இருந்தால் சீக்கிரமே இரண்டு பிரிவாகப் பிரியுங்கள். இரண்டு பிரிவிலும் ஒரே இலக்கை எழுதி வையுங்கள். ஆனால் ∀ய (ப(ய) ∨ ம(ய)) என்பதை நேராகப் பிரிக்கக் கூடாது. அதன் முதன்மைக் குறி ∀. எல்லா முழு எண்களும் இரட்டை அல்லது ஒற்றை என்பதால், எல்லாமே இரட்டை அல்லது எல்லாமே ஒற்றை என்று ஆகிவிடுமா? ∀-ஐ நீக்கி ஒரு பெயருக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

17. அ → ஆ என்ற தரவு கையில் இருந்து, அ இல்லை, ஆ வேண்டும் என்றால், அ-வை இலக்காக எழுதுங்கள். அப்படி எழுதிய அ-வுக்கும் முதன்மைக் குறியை வட்டமிட்டு 6ஆம் குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.

18. ¬ உள்ள தரவு தனியாக எதையும் தராது. அதை ⊥ செய்ய வைத்திருங்கள். இலக்கு ⊥ ஆனவுடன் தாளில் உள்ள ¬ வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ¬ நீங்கிய வடிவத்தை நிரூபிக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த இலக்கு அங்கேதான் இருக்கும்.

மறைமுக வழி

19. நேர்வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் மறைமுக நிரூபணம். இலக்கை மறுத்து எழுதி ⊥ தேடும் இந்த வழியை எடுத்த எடுப்பிலேயே பிடித்தால், நாலு வரிக் கணக்கு பதினைந்து வரியாகும். ஆனால் சில இடங்களில் அது இல்லாமல் நடக்காது. "எல்லாம் ப அல்ல" என்பதிலிருந்து "ப அல்லாதது ஒன்று உண்டு" என்று காட்டுவது அப்படிப்பட்ட ஒன்று:
வரி 1: ¬∀ய ப(ய) — தரவு
வரி 2: ¬∃ய ¬ப(ய) — எடுகோள், வெளிப்பெட்டி திறக்கிறது
வரி 3: ¬ப(ந) — எடுகோள், ந புதுப்பெயர், உள்பெட்டி திறக்கிறது
வரி 4: ∃ய ¬ப(ய) — 3, ∃ நுழைத்தல்
வரி 5: ⊥ — 2, 4, உள்பெட்டி மூடுகிறது
வரி 6: ப(ந) — 3-5, மறைமுக வழி
வரி 7: ∀ய ப(ய) — 6, ∀ நுழைத்தல்
வரி 8: ⊥ — 1, 7, வெளிப்பெட்டி மூடுகிறது
வரி 9: ∃ய ¬ப(ய) — 2-8, மறைமுக வழி
வரி 2 எழுதியதும் இலக்கு ⊥. தாளில் ¬ உள்ள வரி 1ஐப் பாருங்கள், ∀ய ப(ய) புது இலக்கு. அது ∀, ஆகவே ப(ந) புது இலக்கு. 18ஆம் குறிப்பும் 6ஆம் குறிப்பும்தான் இந்த நிரூபணத்தை எழுதின. வரி 7இல் ந பொதுமையாகலாம், ஏனென்றால் ந இருந்த எடுகோள் மூடப்பட்டுவிட்டது. இந்த ஒன்பது வரியை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள். இது பல கணக்குகளில் துண்டாக வந்து உதவும். மற்ற மூன்று திசைகளும் (¬∃-இலிருந்து ∀¬, ∀¬-இலிருந்து ¬∃, ∃¬-இலிருந்து ¬∀) மறைமுக வழி இல்லாமலே வரும்.

20. அது உதவும் அழகைப் பார்க்க ஒரு கணக்கு: ∃ய (ப(ய) → ∀ர ப(ர)). "விடுதியில் ஒருவர் இருக்கிறார், அவர் குடித்தால் எல்லாரும் குடிக்கிறார்கள்" என்று ரேமண்ட் ஸ்மல்யன் 1978இல் வெளியிட்ட புதிர்ப் புத்தகத்தால் பெயர் பெற்றது. தரவே இல்லை, இலக்கு ∃, சான்று யார் என்றும் தெரியாது. ∀ர ப(ர) மெய், அல்லது மெய்யல்ல என்று இரண்டாகப் பிரியுங்கள். மெய் என்றால் யாரை வேண்டுமானாலும் சான்றாக எடுக்கலாம். மெய்யல்ல என்றால் 19ஆம் குறிப்பின்படி குடிக்காதவர் ஒருவர் உண்டு, அவரையே எடுங்கள். அவர் குடிக்கிறார் என்று எடுகோள் வைத்ததும் ⊥ வரும், ⊥-இலிருந்து எதுவும் வரும். இரண்டு பிரிவிலும் சான்று வேறு வேறு ஆள். முதலிலேயே ஒருவரைத் தேர்ந்திருந்தால் கணக்கு நின்றுபோயிருக்கும்.

எழுதி முடித்த பிறகு

21. மூடிய பெட்டிக்குள் இருக்கும் வரியை வெளியே காரணமாகக் காட்டியிருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். மதிப்பெண் அதிகம் போவது இதில்தான். கென்ட்சன் நிரூபணத்தைக் கிளை கிளையாக எழுதினார். அதே காலகட்டத்தில் போலந்தின் ஸ்டானிஸ்வாஃப் யஷ்கோவ்ஸ்கி தனியாக இதே முறையைக் கண்டு பெட்டிகளாக வரைந்தார். 1952இல் ஃபிரெடெரிக் ஃபிட்ச் தம் பாடநூலில் பெட்டிக்குப் பதில் இடப்பக்கக் கோடுகளைப் பயன்படுத்தினார். உங்கள் ஆசிரியர் எந்த முறையைச் சொல்லித் தந்தாலும், பெட்டிக்கோ கோட்டுக்கோ பென்சிலும் அடிமட்டமும் பயன்படுத்துங்கள். கணினியில் பயில விரும்பினால் லீன் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். கையில் உள்ள எடுகோள்களையும் அப்போதைய இலக்கையும் ஒவ்வோர் அடியிலும் பக்கத்தில் காட்டும். தடையை மீறிப் பெயர் வைத்தால் உடனே மறுத்துவிடும்.

22. கடைசியாக, முடித்த நிரூபணத்தைக் குறியீடு இல்லாமல் நாலைந்து தமிழ் வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். "கடலில் வாழும் பாம்பு ஒன்று உண்டு, அதை ந என்போம். ந பாம்பு, பாம்பு எல்லாம் முதுகெலும்புள்ளவை, ஆகவே ந முதுகெலும்புள்ளது. ந கடலில் வாழ்வது. ஆகவே அப்படி ஒன்று உண்டு." கணித அறிஞர்கள் உண்மையில் எப்படி வாதிடுகிறார்களோ அதற்கு முடிந்த அளவு நெருக்கமாக ஒரு முறை வேண்டும் என்பதே கென்ட்சனின் நோக்கம். அதனால் சரியான நிரூபணம் இப்படி வாக்கியமாக மாற மறுக்காது. எந்த வரியில் வாக்கியம் தடுக்குகிறதோ, அந்த வரியின் காரணத்தை மீண்டும் சரிபாருங்கள். தவறு இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.